ஆறு செகண்ட் கட்டியங்காரன்!



ஒரு சின்ன சிச்சுவேஷன். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவியூ. நாலு பேர் சேர்ந்து மூணு மாசம் உக்காந்து ஒரு மொபைல் ஆப்புக்கு டிசைன் போட்டிருக்கீங்க. கோடிங் இன்னும் ஆரம்பிக்கலை. ஆனா ஃபிக்மாவுல பட்டனைத் தட்டினா அடுத்த ஸ்கிரீன் வருது, மெனு சறுக்கிக்கிட்டு இறங்குது, மேப் பெருசாகுது. பார்க்கறவங்க நிஜ ஆப்னே நினைப்பாங்க. இதைத்தான் 'இன்டராக்டிவ் புரோட்டோடைப்'னு சொல்றாங்க. உள்ளே எஞ்சின் இல்லாத, ஆனா ஸ்டியரிங் திரும்பற கார்!

ஹெச்.ஓ.டி. வந்து உக்கார்றார். எக்ஸ்டர்னல் உக்கார்றார். நீங்க லிங்க்கைத் தட்டறீங்க. வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. காலேஜ் வைஃபைக்கு அன்னிக்குன்னு பார்த்துக் காய்ச்சல். "ஒரே நிமிஷம் சார்... லோட் ஆகுது சார்"னு டீம் லீடர் வழியறார். "பரவால்லப்பா, வாயால சொல்லுங்க"ங்கறார் எக்ஸ்டர்னல். சறுக்கிக்கிட்டு இறங்கற மெனுவை வாயால எப்படிங்க சொல்றது? கையை ஆட்டிக் காட்ட வேண்டியதுதான்!

இன்னொரு சிச்சுவேஷன். வேலைக்கு மெயில் அனுப்பறீங்க. கூடவே புரோட்டோடைப் லிங்க். அந்தப் பக்கம் இருக்கறவர் பஸ்ல போய்க்கிட்டே ஃபோன்ல திறக்கறார். 'லாகின் பண்ணவும்'னு வருது. இல்லைன்னா, 'அனுமதி கேட்கவும்'. அவருக்கு முன்னாடி குவிஞ்சு கிடக்கற பயோடேட்டாவுல உங்களுக்காக மட்டும் பாஸ்வேர்டு தேடிக்கிட்டு இருப்பாரா? அடுத்ததுக்குப் போயிடுவார். உங்க திறமைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை, அவ்ளோதான்.

இந்த ரெண்டு சோகத்துக்கும் ஒரே மருந்து இருக்கு. அந்தப் புரோட்டோடைப்ல இருந்து ஒரு ஆறு செகண்டை மட்டும் வெட்டி, அசையும் படமா மாத்தி, பாக்கெட்ல வச்சுக்கறது. ஆமாம், நம்ம ஜிஃப்தான்!

லிங்க் போகும்... படம் நிக்கும்!

'என்ன பாஸ், ஜிஃப்னா வடிவேலு ரியாக்‌ஷன் அனுப்பற சமாசாரம்தானே?'ன்னு நினைக்கறீங்க. அதுக்கு உங்களைவிட வயசு அதிகம். கொஞ்சம் மரியாதை கொடுங்க!

1987-ல கம்ப்யூசர்வ்ங்கற அமெரிக்க நிறுவனத்துல ஸ்டீவ் வில்ஹைட்டோட டீம் உருவாக்கின வடிவம் இது. அப்போ டெலிஃபோன் லைன்ல மோடம் வச்சு நெட்டுக்குப் போன காலம். படத்தை எவ்ளோ சுருக்க முடியுமோ அவ்ளோ சுருக்கணும்ங்கறதுதான் அவங்களுக்கு இருந்த ஒரே கவலை. 1989-ல வந்த அடுத்த பதிப்புல, ஒவ்வொரு பிரேமும் எவ்ளோ நேரம் நிக்கணும்னு சொல்ற வசதி சேர்ந்தது. 1995-ல நெட்ஸ்கேப் பிரவுசர், 'முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து ஓடு'ங்கற கட்டளையைச் சேர்த்தது. அன்னிக்கு ஆரம்பிச்ச சுத்தல் இன்னும் நிக்கலை.

நடுவுல கண்டமும் வந்தது. இந்த வடிவத்துக்குள்ள இருக்கற சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்துக்கிட்ட பேடன்ட் இருந்தது. லைசென்ஸ் பணம் கேட்கவும், கடுப்பான ஆளுங்க 1999 நவம்பர் 5-ஐ 'ஜிஃப் எல்லாத்தையும் கொளுத்துங்க' நாள்னே அறிவிச்சாங்க. அமெரிக்காவுல 2003-ல அந்தப் பேடன்ட் காலாவதி ஆச்சு. ஜிஃப் தப்பிச்சது. ஆர்குட் காலத்துல மினுக்குற ரோஜாவா ஸ்கிராப்ல வந்தது (வீட்ல அக்கா, அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க, வெட்கப்படுவாங்க!). 2014-ல ஆர்குட்டே மூடிட்டாங்க. ஜிஃப் மட்டும் வாட்ஸ்அப்புக்குக் குடி வந்துடுச்சு.

இப்போ இதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. ஒரு காலத்துல 'இன்டராக்டிவ்'னாலே ஃபிளாஷ்தான். காலேஜ் கல்ச்சுரல்ஸ் வெப்சைட்ல இருந்து கேம் வரைக்கும் அதுலதான். 2020 டிசம்பர் 31-ஓட அடோபி அதுக்கு சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. அப்படிப் போட்ட வேலைகளை இன்னிக்கு சாதாரண பிரவுசர்ல திறக்க முடியாது. சரி, அது பழைய கதைன்னா புதுக் கதை ஒண்ணு. புரோட்டோடைப் ஷேர் பண்ண டிசைனர் உலகமே ஒரு காலத்துல இன்விஷன்ங்கற தளத்தைத்தான் நம்பிக்கிட்டிருந்தது. 2024 கடைசியோட அந்தச் சேவையை மூடிட்டாங்க. பயோடேட்டாவுல அந்த லிங்க்கை மட்டும் கொடுத்திருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. செஞ்ச வேலை செஞ்சதுதான். ஆனா காட்ட ஒண்ணும் இல்லை!

புரோட்டோடைப் இன்னொருத்தர் சர்வர்ல குடியிருக்கு. ஜிஃப் உங்க கையில இருக்கு. நெட் இல்லாமலும் ஓடும், லாகின் கேட்காது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த வாரம் இவ்ளோ பேசறோம்.

செஞ்சிக்குப் போவோமா?

சும்மா தியரி பேசினா தூக்கம் வரும். ஒரு உதாரண புராஜெக்ட் எடுத்துக்குவோம். முழுக்க முழுக்கக் கற்பனைதான். ஆனா இடம் நிஜம்: செஞ்சிக் கோட்டை!

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும். பாறாங்கல்லை அள்ளிக் கொட்டின மாதிரி மலைகள் வரும்போதே ஜன்னல் சீட்டுக்காரங்க ஃபோனை எடுத்துடுவாங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் இணைச்சு முக்கோணமா ஓடற மதில். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். அதோட அடிவாரத்துல கல்யாண மகால், களஞ்சியம், லாயம். உச்சியில ரங்கநாதர் கோயில். 1677-ல சத்ரபதி சிவாஜி கைக்கு வந்த கோட்டை இது. அதுக்கப்புறம் முகலாயப் படை வருஷக்கணக்கா முற்றுகை போட்டு 1698-லதான் பிடிக்க முடிஞ்சது. நம்ம ஊர் தேசிங்கு ராஜா கதை தனி.

2025 ஜூலை 11-ஆம் தேதி யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்ங்கற பேர்ல 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. 11 கோட்டை மகாராஷ்டிராவுல. தமிழ்நாட்டுல இருந்து ஒண்ணே ஒண்ணு, நம்ம செஞ்சி!

இப்போ நம்ம கற்பனை டீம் இந்தக் கோட்டைக்கு வர்றவங்களுக்காக ஒரு வழிகாட்டி ஆப் டிசைன் பண்ணுது. முகப்பு, மூணு மலைக்கும் மேப், வரலாறு, போட்டோ கேலரி, குடிநீர் எங்கே, எவ்ளோ நேரம் ஆகும்னு மொத்தம் நாப்பது ஸ்கிரீன். புரோட்டோடைப் ரெடி. ஜிஃப் பண்ணணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது?

எந்த ஆறு செகண்ட்?

இங்கேதான் நிறைய பேர் சொதப்பறது. 'எல்லாத்தையும் காட்டிடுவோம் மச்சி'ன்னு முகப்புல ஆரம்பிச்சு நாப்பது ஸ்கிரீனையும் ஒரு ரவுண்டு ஓட்டி, ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு ஜிஃப் செய்வாங்க. அதைப் பார்க்கறவருக்குக் கல்யாண ஆல்பத்தை ஃபாஸ்ட்டா புரட்டின ஃபீலிங்தான் கிடைக்கும்.

செஞ்சிப் பக்கம் தெருக்கூத்து பார்த்திருக்கீங்களா? கூத்து விடிய விடிய நடக்கும். ஆனா முதல்ல வர்றது கட்டியங்காரன். யார் வரப்போறாங்க, என்ன கதைன்னு நாலு வார்த்தை சொல்லி, சிரிக்க வச்சு, சலசலன்னு இருக்கற கூட்டத்தை உக்கார வைப்பார். அவரே முழுக் கூத்தையும் ஆடிட மாட்டார். ஜிஃப்போட வேலையும் அதுதான். புரோட்டோடைப்தான் கூத்து. ஜிஃப் வெறும் கட்டியங்காரன்!

அதனால ஒரு கேள்வி, ஒரு தட்டல், ஒரு பதில். இது மூணும் இருந்தா போதும். நம்ம செஞ்சி ஆப்ல கேள்வி என்ன? பஸ்ஸை விட்டு இறங்கற ஆளுக்கு வரலாறு அப்புறம்தான். 'என்கிட்ட ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. எதைப் பார்க்கலாம்?' இதுதான் அவர் மனசுல ஓடற கேள்வி.

ஆக, நம்ம ஜிஃப் இப்படி:

முதல் செகண்ட்: 'எவ்வளவு நேரம் இருக்கிறது?'ன்னு கேட்கற ஸ்கிரீன்.

ரெண்டாவது செகண்ட்: '2 மணி நேரம்'ங்கற பட்டன் மேல விரல் படுது.

மூணு, நாலு: மேப்ல ராஜகிரி உச்சிக்குப் போற பாதை மங்குது. அடிவாரத்துல கல்யாண மகாலும் களஞ்சியமும் ஒளிருது.

அஞ்சு, ஆறு: பதில் ஸ்கிரீன் அசையாம நிக்குது. படிக்க டைம் கொடுக்கணும் இல்லையா!

அவ்ளோதான். கேலரி சூப்பரா இருக்கும், லோகோ சுத்திக்கிட்டே வரும், எல்லாம் சரி. அதெல்லாம் கூத்துல வரட்டும். இந்த ஆறு செகண்டைத் தேர்ந்தெடுக்க டீமுக்குள்ள ஒரு மணி நேரம் சண்டை வரும். நல்லா சண்டை போடுங்க! 'நம்ம ஆப் எதுக்காக?'ங்கற கேள்விக்கு மூணு மாசமா கிடைக்காத பதில் அந்தச் சண்டையிலதான் கிடைக்கும்.

ரெக்கார்டிங்... ஸ்டார்ட்!

சில டிசைன் மென்பொருள்ல நேரா ஜிஃப்பா எடுக்கற வசதி இருக்கு. மேக் வச்சிருக்கறவங்க பயன்படுத்தற பிரின்சிபிள் அப்படி ஒண்ணு. உங்களோடதுல இல்லைன்னா கவலை வேண்டாம். புரோட்டோடைப்பை ஓடவிட்டு ஸ்கிரீனை ரெக்கார்டு பண்றது எல்லாருக்கும் பொதுவான வழி.

விண்டோஸ்னா ஸ்கிரீன்-டு-ஜிஃப்ங்கற இலவச மென்பொருள் இருக்கு. ஒரு சட்டத்தை ஸ்கிரீன் மேல வச்சா, அதுக்குள்ள நடக்கறது மட்டும் பதிவாகும். பிரேம் பிரேமா பிரிச்சு, வேண்டாததைத் தூக்கவும் அதுலயே வசதி உண்டு. விண்டோஸ், மேக் ரெண்டுக்கும் லைஸ்கேப் இருக்கு, அதுவும் இலவசம். லேப்டாப்பே இல்லையா? ஆண்ட்ராய்டு 11-க்கு மேல உள்ள ஃபோன்ல ஸ்கிரீன் ரெக்கார்டர் கூடவே வருது. வீடியோவா எடுத்து, லேப்ல இருக்கற கம்ப்யூட்டர்ல எஃப்.எஃப்.எம்பெக் இல்லைன்னா ஜிஃப்ஸ்கி வச்சு மாத்திக்கலாம். ரெண்டுமே ஃப்ரீதான்.

ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம்:

ஒண்ணு, நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. பேங்க் ஓ.டி.பி.யும், 'டேய், வரும்போது தயிர் வாங்கிட்டு வா'ன்னு அம்மா அனுப்பற மெசேஜும் உங்க போர்ட்ஃபோலியோவுல நிரந்தரமா இடம்பிடிச்சிடும்!

ரெண்டு, விரல் தெரியணும். ஸ்கிரீன் தானா மாறினா, 'வீடியோ ஓடுது'ன்னு நினைப்பாங்க. தட்டினதாலதான் மாறுதுன்னு தெரியறதுக்கு ஒரு சின்ன வட்டம் வேணும். ஆண்ட்ராய்டு ரெக்கார்டர்லயே 'தொடுவதைக் காட்டு'ங்கற ஆப்ஷன் இருக்கும். கம்ப்யூட்டர்னா மவுஸ் அம்பு தெரியற மாதிரி பதிவு பண்ணுங்க.

மூணு, ஒத்திகை பாருங்க. நாலு தடவை சும்மா தட்டிப் பழகிட்டு, அஞ்சாவது தடவை ரெக்கார்டு பண்ணுங்க. விரல் தேடி அலையறது, தப்பான பட்டனைத் தொட்டுட்டுப் பின்வாங்கறது எல்லாம் லூப்ல திரும்பத் திரும்ப ஓடும். மானம் போகும்!

வெயிட்டைக் குறைங்க

இப்போ கொஞ்சம் கணக்கு. ஓடாதீங்க, எட்டாம் கிளாஸ் பெருக்கல்தான்!

ஜிஃப்ல ஒரு புள்ளிக்கு அதிகபட்சம் ஒரு பைட். 360×640 அளவு படத்துல 2,30,400 புள்ளி. செகண்டுக்கு 10 பிரேம்னா ஆறு செகண்டுக்கு 60 பிரேம். பெருக்கினா சுமார் 1 கோடியே 38 லட்சம் பைட், அதாவது சுருக்கறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 14 எம்.பி. இதையே 720×1280 அளவுல, செகண்டுக்கு 20 பிரேம்னு எடுத்தா எட்டு மடங்கு ஆயிடும். 110 எம்.பி.! சுருக்கினாலும் கிராமத்துல ஒத்தப் புள்ளி சிக்னல்ல இருக்கறவருக்கு அது மறுபடியும் 'வட்டம் சுத்துது' கதைதான். எதுல இருந்து தப்பிக்க ஜிஃப்புக்கு வந்தோமோ, அங்கேயே போய் விழுந்த மாதிரி.

சுருக்கற முறை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா தீர்வு தானா வரும். ஒரே நிறம் வரிசையா வந்தா, அது 'இதே நிறம் இத்தனை தடவை'ங்கற மாதிரி சுருக்கிக்கும். நிறம் புள்ளிக்குப் புள்ளி மாறினா திணறும். அதனால சமமான நிறத்துல வரைஞ்ச மேப் லேசா இருக்கும். ராஜகிரியோட போட்டோ கனமா இருக்கும். பாறை, புதர், மேகம்னு ஒவ்வொரு புள்ளியும் வேற வேற நிறமாச்சே! ஜிஃப் எடுக்கற அந்த ஸ்கிரீன்ல மட்டும் போட்டோவுக்குப் பதிலா எளிமையான கோட்டோவியம் வையுங்க. நிழல், நிறம் கரையற பின்னணி ரெண்டையும் எடுத்துடுங்க.

அடுத்து, நிறம். ஒரு பிரேமுக்கு 256 நிறம்தான் உச்சவரம்பு. ஆப் ஸ்கிரீனுக்கு அதுவே அதிகம். 64 வச்சுப் பாருங்க, பல நேரம் போதும். 'டிதரிங்'னு ஒரு ஆப்ஷன் வரும். பழைய செய்தித்தாள் போட்டோ மாதிரி புள்ளி தூவி, இல்லாத நிறத்தை இருக்கற மாதிரி காட்டற வித்தை அது. போட்டோவுக்கு நல்லது. ஆப் ஸ்கிரீனுக்கு ஆஃப் பண்ணிடுங்க. புள்ளி தூவினா ஃபைல் கனமாகும்.

மூணாவது, அசைவு. முந்தின பிரேமுக்கும் இந்தப் பிரேமுக்கும் மாறின பகுதியை மட்டும் சேமிச்சா போதும். மேப்ல ரெண்டு இடம் மட்டும் ஒளிர்ந்தா சின்ன மாற்றம். முழு ஸ்கிரீனும் மெதுவா கரைஞ்சு இன்னொண்ணா மாறினா, எல்லாப் பிரேமும் முழுசா வேணும். 'டிசால்வ்' மேல இருக்கற காதலைக் கொஞ்சம் தள்ளி வையுங்க பாஸ்!

நேரத்துக்கும் ஒரு டிரிக். ஜிஃப் நேரத்தை செகண்டுல நூத்துல ஒரு பங்கா எண்ணும். அதனால செகண்டுக்கு 10, 20, 25 பிரேம்னு 100-ஐ மீதியில்லாம வகுக்கற எண்ணா வையுங்க. 30 வச்சா கணக்கு இடிக்கும். கடைசி ஸ்கிரீன் ரெண்டு செகண்ட் நிக்கணும்னா அதுக்கு இருபது பிரேம் தேவையில்லை. ஒரே பிரேம், தாமதம் 200. முடிஞ்சது!

நம்மளுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் பிரச்சினை உண்டு: தமிழ் எழுத்து. ஆங்கில எழுத்து சின்னதானாலும் தாங்கும். நம்ம 'ணு', 'னு', 'ஞூ', 'ணை' எல்லாம் சுருங்கினா உள்ளே இருக்கற சுழி அடைச்சுக்கிட்டுக் கறுப்புப் பொட்டாயிடும். ஸ்கிரீன் முழுசையும் சுருக்காம, தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுங்க. எழுத்தை ரெண்டு சைஸ் பெருசாக்கிட்டு ரெக்கார்டு பண்ணுங்க. முடிச்சதும் ஃபோனை நீட்டுன கையில பிடிச்சுப் படிச்சுப் பாருங்க. உங்களால படிக்க முடியலைன்னா வெள்ளெழுத்து வந்த பேராசிரியரால எப்படி முடியும்?

எங்கே அனுப்பறீங்க?

ஒரே ஜிஃப் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஓடாது.

வாட்ஸ்அப்ல அனுப்பினா அது ஜிஃப்பை சின்ன வீடியோவா மாத்திடும். ஃபைல் அப்படியே போய்ச் சேரணும்னா 'டாக்குமென்ட்'னு அனுப்புங்க. பவர்பாயின்ட் ஸ்லைடு ஷோவுல ஜிஃப் அழகா ஓடும், நெட்டே வேண்டாம். ரிவியூ அன்னிக்குக் கை கொடுக்கறது இதுதான். பி.டி.எஃப். பயோடேட்டாவுல வச்சா அசையாது, முதல் பிரேம் மட்டும் போட்டோவா நிக்கும். அவுட்லுக்கோட பழைய டெஸ்க்டாப் பதிப்புகள்லயும் அதே கதைதான். அதனால முதல் பிரேமை வெத்து ஸ்கிரீனா விடாதீங்க. அசையாட்டியும் விஷயம் புரியணும்.

கண்ணுக்கும் கருணை காட்டுங்க. செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல பளிச் பளிச்சுன்னு மின்னற மாதிரி எதுவும் வேண்டாம். வலிப்புப் பிரச்சினை இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. வெப் பக்கத்துல போட்டா, படத்துல என்ன நடக்குதுன்னு ஒரு வரி எழுதி வையுங்க. பார்வையில்லாத நண்பரோட ஸ்கிரீன் ரீடர் ஜிஃப்பைப் பார்க்காது, அந்த வரியைத்தான் படிக்கும்.

கட்டியங்காரன் பொய் சொல்லலாமா?

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் டெக்னிக். இனிமே சொல்றதுதான் முக்கியம்.

உங்க செஞ்சி ஜிஃப் சூப்பரா வந்துடுச்சுன்னு வச்சுக்குங்க. டிபார்ட்மென்ட் குரூப்ல போடறீங்க. அங்கேருந்து ஒருத்தர் ஃபேமிலி குரூப்புக்குத் தள்ளறார். அங்கேருந்து 'எங்க ஊர் எங்க பெருமை' குரூப்புக்குப் போகுது. போற வழியில நீங்க எழுதின 'இது எங்கள் புராஜெக்ட் மாதிரி மட்டுமே'ங்கற கேப்ஷன் உதிர்ந்து போயிடும். படம் மட்டும் தனியா ஊர் சுத்தும். பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? 'செஞ்சிக்கு ஆப் வந்துடுச்சு'ன்னு.

பரவாயில்லைங்கறீங்களா? அந்த ஜிஃப்ல '2 மணி நேரம்'னு ஒரு கணக்கு இருந்ததே, அதை யார் அளந்தது? இடம் நிரம்பணும்னு ராத்திரி பதினோரு மணிக்கு டீம்ல ஒருத்தர் தட்டின நம்பர் அது. மேப்ல நீல நிறத்துல குடிநீர்க் குழாய் ஐகான் இருக்கே, அங்கே நிஜமாவே குழாய் இருக்கா? நீல நிறம் அந்த மூலைக்கு எடுப்பா இருந்ததுன்னு வச்சது!

இப்போ மே மாச வெயில்ல ஒரு அறுபது வயசு அம்மாவும் அப்பாவும் அந்த ஜிஃப்பை நம்பி, 'மேல தண்ணி இருக்காம்'னு பாட்டில் எடுக்காம 800 அடி ஏற ஆரம்பிச்சா?

புரோட்டோடைப்புக்குள்ள அந்த நம்பர் ஒரு டம்மி. உள்ளே வந்து பார்க்கறவருக்கு அது புரோட்டோடைப்னு தெரியும். ஜிஃப்பா வெளியே வந்ததும் அதே நம்பர் தகவல் ஆயிடுது. அசையும் படம் வார்த்தையைவிட நம்பத்தக்கதா தெரியும். 'பார்த்தேனே, ஓடுச்சே'ம்பாங்க. பகிர்றது எவ்ளோ சுலபமோ, அவ்ளோ பொறுப்பும் நம்ம தலையில ஏறுது.

அதனால மூணு பழக்கம். 'மாதிரி வடிவம்'ங்கற வார்த்தையைப் படத்துக்குள்ளயே, எல்லாப் பிரேம்லயும் தெரியற மாதிரி ஓரத்துல போடுங்க. கேப்ஷன் உதிரும், படத்துக்குள்ள இருக்கறது உதிராது.

அளக்காத நம்பரை எடுத்துட்டு வெறும் கோடு போடுங்க. 'இங்கே நேரம் வரும்'னு புரியும், யாரையும் ஏமாத்தாது.

ஜெயிக்கற வழியை மட்டும் காட்டாதீங்க. மலை மேல சிக்னல் போயிட்டா ஆப் என்ன செய்யும்னு ரெண்டாவதா ஒரு ஜிஃப் பண்ணுங்க. ரிவியூல எக்ஸ்டர்னல் கேட்கறதுக்கு முன்னாடியே அதை எடுத்துக் காட்டினா அவரே நிமிர்ந்து உக்காருவார். இன்டர்வியூவுலயும் அதே மரியாதை கிடைக்கும். எல்லாம் ஒழுங்கா நடந்தா எப்படி இருக்கும்னு எல்லாரும் காட்டுவாங்க. கெட்டுப் போனா என்ன செய்வோம்னு யோசிச்சவங்களைத்தான் வேலைக்குத் தேடுவாங்க.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க டீமோட புரோட்டோடைப்பைத் திறங்க. அதுல இருக்கற ஒவ்வொரு நம்பரையும் ஐகானையும் பார்த்து 'இது நிஜமா, டம்மியா?'ன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. டம்மி லிஸ்ட் நீளமா வரும், பயப்படாதீங்க. அப்புறம் ஒரு கேள்வி, ஒரு தட்டல், ஒரு பதில்னு ஆறு செகண்டை மட்டும் வெட்டி எடுங்க. நெட்டை ஆஃப் பண்ணிட்டு, அந்தப் படிப்பு பக்கமே போகாத ஒரு ஃப்ரெண்டுக்குக் காட்டுங்க. 'இது என்ன செய்யுது?'ன்னு அவர் ஒரே வரியில சொல்லிட்டா நீங்க பாஸ். 'அழகா இருக்கு மச்சி'ன்னு மட்டும் சொன்னா மறுபடி எடுங்க.

உங்க புராஜெக்ட் நிஜமாவே செஞ்சிக் கோட்டை பத்தினதா இருந்தா, இன்னொரு வேலையும் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறுங்க. தண்ணி பாட்டில், தொப்பி, ஒரு நோட்டு. அடிவாரத்துல மணியைப் பார்த்துக் குறிச்சுட்டு ஏறுங்க. மூச்சு வாங்கி எங்கே உக்கார்றீங்க, எங்கே நிழல், எங்கே தண்ணின்னு எழுதிக்கிட்டே போங்க. கூட வர்றவங்கள்ல ஒருத்தர் மெதுவா ஏறறவரா இருக்கட்டும். அவர் கணக்குதான் ஆப்புக்குத் தேவை.

இறங்கி வந்து அந்த வெறும் கோட்டுக்குப் பதிலா நிஜ நம்பரைப் போட்டு ஜிஃப்பை மறுபடி எடுங்க. அப்புறம் அது எந்தக் குரூப்புக்குப் போனாலும் நிம்மதியா தூங்கலாம்.

அடுத்த வாரம் பார்க்கலாம்... லூப்ல இருங்க!